"எல்லா எலிக்கும் இருக்கறதுதான்" என்னும் சால்ஜாப்பு

எலி வளர்க்கறவங்க மத்தியில ஒரு மந்திரம் இருக்கு. எலி தும்முதா? "எல்லா எலிக்கும் மைக்கோ இருக்கறதுதான்." மூச்சு விடும்போது கொரகொரன்னு சத்தம் வருதா? "மைக்கோதான், எல்லா எலிக்கும் உண்டு." ஒன்றரை வயசுல விலா துடிக்க துடிக்க செத்துப்போச்சா? "பாவம், மைக்கோ. என்ன பண்றது, எல்லா எலிக்கும்..." போதும் சாமி! கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சு குமைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால கொட்டிடறேன்.

"எலியா? வளர்க்கறதா?"ன்னு மூஞ்சி சுளிக்கிற புண்ணியவான்களுக்கு ரெண்டு வரி. நம்மூர்ல எலின்னா பொறி, பாஷாணம், அதிகபட்சம் பிள்ளையார் வாகனம். இங்கிலாந்துல விக்டோரியா ராணி காலத்து எலிபிடிக்காரர் ஜாக் பிளாக், பிடிக்கிற எலிகள்ல விசித்திர நிறமா இருக்கறதை மட்டும் தனியா வளர்த்து வித்திருக்கார். 1901ல மேரி டக்ளஸ்னு ஒரு அம்மா எய்ல்ஸ்பரி கண்காட்சிக்கே எலியைக் கொண்டு போயிருக்காங்க. 1976ல அங்க தேசிய அளவுல சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. அமெரிக்காவுல இப்ப செல்லப்பிராணிக் கடைக்குப் போனா நாய், பூனைக்கு அடுத்த வரிசையில எலியும் நிக்கும். நானும் நாலு வளர்க்கறேன். அதுல ரெண்டு பேருக்குப் பேரு கவுண்டர், செந்தில். யாரு யாரைக் கடிக்கிறாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

அந்த மந்திரம் பொய்யின்னு நான் சொல்ல வரலை. அதுதான் இதுல பெரிய சிக்கலே, அது உண்மை. மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ்னு ஒரு பாக்டீரியா. மனுஷனுக்கு நிமோனியா கொடுக்கற மைக்கோபிளாஸ்மா வேற, இது எலி, சுண்டெலிக்கான சமாச்சாரம். தாய் எலி வயித்துல இருக்கும்போதே குட்டிக்கு வந்துடலாம். இல்லைன்னா பொறந்து தாய் மேல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்போது மூச்சு வழியா வரும். மூக்கு, நடுக்காது, மூச்சுக்குழாய், நுரையீரல்னு குடியேறிச்சுன்னா ஆயுசுக்கும் போகாது. எந்த மருந்தாலயும் முழுசா விரட்ட முடியாது. கடையில வாங்கின எலி, வீட்டுல ஈன்ற எலி எதுவா இருந்தாலும் உள்ள இது இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் வளர்க்கணும். இது வரைக்கும் அவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

அடுத்த அடியிலதான் கோட்டை விடறாங்க. "எல்லாருக்கும் இருக்கு"ன்னா "யாரும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அர்த்தமா? கிருமி உடம்புல இருக்கறது வேற, அது நோயா கிளம்பறது வேற. ஒரே கடை, ஒரே ஈத்துல பொறந்த ரெண்டு எலி. ஒண்ணு ரெண்டரை வயசு வரைக்கும் ரெண்டு தும்மலோட காலத்தை ஓட்டுது. இன்னொண்ணு எட்டு மாசத்துல தலை ஒரு பக்கம் சாஞ்சு வட்டமடிக்குது, மூச்சுக்குத் திணறுது. ரெண்டுக்கும் கிருமி ஒண்ணுதான். அப்ப வித்தியாசம் எங்கேர்ந்து வந்தது? பிறவியில வர்ற பலம், பலவீனம் கொஞ்சம் உண்டு. மிச்சத்துல பெரும்பங்கு எங்க இருக்குன்னா, கூண்டுக்கு வெளிய, சோபாவுல உக்காந்திருக்கு. நாமதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லீங்க. 1976லேயே ப்ரோடர்சன், லிண்ட்சே, க்ராஃபோர்ட்னு மூணு பேர் ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சுட்டாங்க. இந்தக் கிருமி ஏத்தின எலிகளை அம்மோனியா கலந்த காத்துல வச்சுப் பார்த்தாங்க, 25லேர்ந்து 250 பிபிஎம் வரைக்கும். பிபிஎம்னா பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்கு. கிருமி மட்டும் இருந்த எலிகளை விட கிருமியும் அம்மோனியாவும் சேர்ந்த எலிகளுக்கு மூக்குலேர்ந்து நுரையீரல் வரைக்கும் நோய் கடுமையா முத்திப் போயிருந்துச்சு. கிருமி இல்லாம அம்மோனியா மட்டும் சுவாசிச்ச எலிகளுக்கு நாசியில மட்டும் பாதிப்பு, அதுவும் வேற மாதிரி. அதாவது கிருமி விறகு, அம்மோனியா மண்ணெண்ணெய். விறகு எல்லா வீட்டுலயும்தான் கிடக்கு. மண்ணெண்ணெய் ஊத்தறது யாரு?

அம்மோனியா எங்கேர்ந்து வருது? எலி மூத்திரத்துல யூரியா இருக்கு. கூண்டுக்கு அடியில போட்டிருக்கற காகிதத் துகள்லயோ மரத்தூள்லயோ அது ஊறும். அங்க இருக்கற பாக்டீரியா யூரியாவை உடைச்சு அம்மோனியாவா மாத்தும். ஈரம், சூடு, காத்தோட்டம் இல்லாமை மூணும் சேர்ந்தா கிடுகிடுன்னு ஏறும். இங்க குளிர்காலத்துல ஜன்னலை இறுக்க மூடி ஹீட்டர் ஓடும் பாருங்க, அந்த நாலு மாசம்தான் எலிகளுக்கு எமகண்டம்.

மனுஷங்க வேலை பார்க்கற இடத்துல காத்துல அம்மோனியா எவ்வளவு இருக்கலாம்னு இந்த நாட்டு தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சிருக்கு. எட்டு, பத்து மணி நேர வேலைக்கு 25 பிபிஎம். அதுவும் நமக்கு. அஞ்சடி உயரத்துல மூக்கை வச்சுக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடற நமக்கு. எலிக்கு மூக்கு இருக்கறது தரையிலேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துல. அது அங்கயே தூங்குது, அங்கயே திங்குது, நாள் முழுக்க அங்கயே கிடக்குது. அறைக்குள்ள நுழையும்போது நமக்கு லேசா "ஒரு வாடை" வருதுன்னா கூண்டுத் தரையில நிலைமை எப்படி இருக்கும்னு யோசிங்க. கூடவே இன்னொரு கொடுமை, நம்ம மூக்கு சீக்கிரம் பழகிடும். "எங்க வீட்டுல வாடையே இல்லையே"ன்னு சொல்றவங்க வீட்டுக்கு விருந்தாளியா ஒரு தடவை போய்ப் பாருங்க, தெரியும்.

இதுல கண்ணாடித் தொட்டி கேஸ் தனி. மீன் தொட்டி சும்மா கிடக்குதேன்னு அதுல எலியை விடறாங்க. மேல வலை போட்டாச்சாம், காத்து போகுமாம். நாலு பக்கமும் அடைச்ச கண்ணாடிக்குள்ள அடியில இருக்கற காத்து எப்படிய்யா மேல வரும்? கம்பிக் கூண்டு வாங்குங்கன்னா விலை ஜாஸ்தியாம். அப்புறம் டாக்டர்கிட்ட போறது, போகாம இருக்கறதுக்கு சாக்கு தேடறதுன்னு கதை நீளும்.

கூண்டுக்குள்ள கட்டற துணித் தூளியை மறந்துடாதீங்க. எலிங்களுக்கு தூளின்னா உசுரு. நாலு பேரும் ஒண்ணு மேல ஒண்ணா அதுல கிடப்பாங்க, அதுலயே ஒண்ணுக்கும் போவாங்க. கூண்டுத் தரையை மட்டும் பளிச்சுன்னு வச்சுட்டு, மூத்திரம் ஊறின துணியை ரெண்டு வாரம் தொங்க விட்டா, நோயாளிக்கு தலையணையில விஷம் தடவின கதைதான். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தூளி மாத்தணும். ஈரமான இடத்தை தினமும் அள்ளணும். வாரம் ஒரு தடவை மொத்தமா மாத்தணும். தினமும் முழுக் கூண்டையும் கழுவித் தள்ளறதும் சரிப்படாது, தன் வாசனை போயிடுச்சேன்னு எலி ஓடி ஓடி இன்னும் அதிகமா மூத்திரம் தெளிக்கும்.

சில பேர் வாடையை மறைக்க ரூம் ஸ்ப்ரே அடிக்கிறாங்க. ஏங்க, அம்மோனியா போதாதுன்னு அதுக்கு மேல செண்டா? நம்மாளுங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், அப்புறம் காஞ்ச மிளகாய் தாளிக்கிற நெடி. நமக்கே ரெண்டு தும்மல் வருது. கைப்பிடி அளவு உடம்பு, அதுவும் ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழாய், அது என்ன பாடுபடும்? சாமி கும்பிட வேணாம்னு சொல்லலை. எலிக் கூண்டு பூஜை அலமாரிக்குப் பக்கத்துல வேணாம், சமையலறைக்குப் பக்கத்துலயும் வேணாம். தேவதாரு, பைன் மரத்தூளும் வேணாம். அந்த நல்ல வாசனைக்குக் காரணமான ரசாயனமே மூச்சுப் பாதைக்கும் கல்லீரலுக்கும் ஆகாது.

இப்ப என் கோபத்தோட மையப்புள்ளிக்கு வர்றேன். "எல்லாத்துக்கும் மைக்கோ இருக்கு, அப்புறம் எதுக்குப் புது எலியை தனியா வைக்கணும்?"

இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். புது எலியை தனியா வைக்கிறது மைக்கோவுக்காக இல்லவே இல்லை! மைக்கோ ரெண்டு பக்கமும்தான் இருக்கு. தனியா வைக்கிறது வைரஸ்களுக்காக. சென்டாய்னு ஒண்ணு, ஜப்பான்ல அந்த ஊர்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேர். இன்னொண்ணு, வாய்ல நுழையாத பேர், சியலோடாக்ரியோஅடினைடிஸ் வைரஸ். உமிழ்நீர் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் வீங்க வைக்கிறதுன்னு அர்த்தம். சுருக்கமா எஸ்டிஏவி. இது ஒரு கொரோனா வைரஸ். ஆமா, அதே குடும்பம்தான். பயப்படாதீங்க, இது எலியோட சமாச்சாரம், நம்ம மேல வர்றதில்லை. ஆனா எலிக்கு எலி பரவற வேகம் இருக்கே, அம்மாடி! காத்துல போகும், கையில போகும், சட்டையில போகும்.

வந்த ஒரு வாரத்துக்குள்ள அறிகுறி தெரியும். கண்ணைச் சுருக்கும், கழுத்து பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தை மாதிரி உப்பும், கண்ணு மூக்கு ஓரமா சிவப்பா வடியும். (அது ரத்தம் இல்லை, போர்ஃபிரின்னு ஒரு நிறமி, கண்ணுக்குப் பின்னாடி இருக்கற சுரப்பியிலேர்ந்து வர்றது. உடம்பு சரியில்லாதப்போவும் மிரட்சியிலயும் நிறைய வரும்.) இளசா, திடமா இருக்கற எலி ஒண்ணு ரெண்டு வாரத்துல எழுந்துடும். கைக்குட்டிகளும், ஏற்கெனவே மைக்கோவால நுரையீரல் பழுதான கிழங்களும்தான் மாட்டும். வைரஸ் கதவைத் திறந்து விடும், உள்ள தூங்கிட்டிருந்த மைக்கோ எழுந்து ஆடும்.

ஒரு நண்பர், பக்கத்து மாநிலத்துல இருக்கார். மூணு எலி வச்சிருந்தார். ஒரு கடையில நாலாவதா ஒண்ணு வாங்கினார். அது தும்மிச்சு. கடைக்காரரைக் கேட்டதுக்கு அதே மந்திரம். "எல்லாத்துக்கும் மைக்கோ இருக்கு சார், புது இடம் பழகினா சரியாயிடும்." நண்பர் உஷாரானவர்தான், புதுசை அடுத்த ரூம்ல வச்சார். ஆனா அபார்ட்மென்ட்ல எல்லா அறைக்கும் ஒரே டக்ட் வழியாத்தான் சூடான காத்து வருது. இந்த ரூம் காத்தை உறிஞ்சி அந்த ரூம்ல ஊதறதுதான் அந்த மெஷினோட வேலையே! அஞ்சாவது நாள் பழைய எலி ஒண்ணுக்கு கழுத்து வீக்கம். ஒரு வாரத்துல மூணுக்கும். அதுல ரெண்டு வயசான பெண் எலி, குளிர்காலத்துல எப்பவும் கொரகொரன்னு இருக்கும், பன்னெண்டாவது நாள் போயிடுச்சு. பரிசோதனை எதுவும் செய்யலை, அதனால எஸ்டிஏவிதான்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா மைக்கோ மட்டும்னா அஞ்சு நாள்ல ஒரு கூண்டையே வரிசையா கழுத்து வீங்க வைக்காது. நண்பர் போன் பண்ணி அழறார். மறுபடி கடைக்குப் போய்ச் சொன்னாராம். பதில் என்னன்னு நினைக்கிறீங்க? "மைக்கோவா இருக்கும் சார்." அவங்க தொட்டியில அன்னிக்கும் பதினஞ்சு எலி வித்துக்கிட்டிருந்ததாம்.

இதுக்குத்தான் சொல்றேன், அந்த மந்திரம் சும்மா ஆறுதல் வார்த்தை இல்லை. அது பின்னாடி ஒரு வைரஸ் ஒளிஞ்சுக்க முடியும், ஒரு வியாபாரி ஒளிஞ்சுக்க முடியும்.

தனியா வைக்கிறதுன்னா உண்மையில என்ன? வேற காத்து. வேற வீடா இருந்தா உத்தமம், எலி இல்லாத நண்பர் வீட்டுல ரெண்டு மூணு வாரம். (பிரியாணி செலவு நம்மளுது.) முடியலைன்னா டக்ட் தொடர்பு இல்லாத இடம். தினமும் முதல்ல பழைய எலிங்களைக் கவனிச்சுட்டு, அப்புறம் புதுசு. திரும்பி வந்தா கை கழுவி, சட்டை மாத்தி, முடிஞ்சா ஒரு குளியலே போட்டுடறது நல்லது. 2020ல பால் பாக்கெட்டை எல்லாம் சோப்பு போட்டுக் கழுவின ஜனங்கதானே நாம, இது ஒரு பெரிய வேலையா?

இந்த வைரஸ்ல ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒரு எலி ஏறக்குறைய ஒரு வாரம்தான் அதைப் பரப்பும். அப்புறம் உடம்பு அதை ஒழிச்சுடும், மைக்கோ மாதிரி ஆயுசுக்கும் தங்காது. அதனால வீட்டுல வந்துடுச்சுன்னா கதவைச் சாத்தணும். ஆறு, எட்டு வாரத்துக்கு எலி உள்ள வரக்கூடாது, வெளிய போகக்கூடாது, முக்கியமா குட்டி போட விடக்கூடாது. புதுசா ஒட்டிக்க ஆள் இல்லைன்னா வைரஸ் தானா அணைஞ்சுடும். குட்டிங்க பொறந்துக்கிட்டே இருந்தா அதுக்கு சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான் சூத்திரம். இதுக்கு மருந்து வேணாம், பணம் வேணாம், ரெண்டு மாசம் சும்மா இருந்தா போதும். ஆனா அதுதான் முடியலை பாருங்க! கழுத்து வீக்கம் வடிஞ்ச மறுநாளே குட்டிங்களை விக்கறதுக்கு விளம்பரம். கேட்டா, "லேசா மைக்கோ இருந்துச்சு, சரியாப் போச்சு."

ஒரு எலி எத்தனை கை மாறுதுன்னு யாருக்கும் தெரியறதில்லை. 2016 டிசம்பர்ல விஸ்கான்சின்ல வீட்டுல எலி வளர்த்து விக்கிற ஒருத்தருக்கு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. பார்த்தா சியோல் வைரஸ்னு ஒரு ஹான்டா வைரஸ். அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு போனா 2017ல கடைசியா வந்த கணக்கு, 11 மாநிலங்கள்ல 31 இடங்கள், 17 மனுஷங்க. அது எலிக்கு மூச்சு நோய் தர்ற வைரஸ் இல்லை, எலியைப் பார்த்தா ஒரு குறையும் தெரியாது. அதை ஏன் சொல்றேன்னா, அங்கேர்ந்து இங்க, இங்கேர்ந்து அங்கன்னு எலிங்க போற வலை அவ்வளவு பெருசு. அந்த வலையில ஒரு கண்ணியிலயாவது "ரெண்டு வாரம் பொறு"ன்னு சொல்ல ஆள் வேணாமா?

அடுத்தது மருந்து. இங்கயும் அதே மந்திரம் வேற வேஷத்துல வரும். "மைக்கோதானே? எனக்குத் தெரியும், டாக்டர் எதுக்கு? வீட்டுல மிச்சம் இருக்கற ஆன்டிபயாடிக்கைக் குடு."

மிச்சம் இருக்கறது பெரும்பாலும் அமாக்ஸிசிலின். அது எப்படி வேலை செய்யுது? பாக்டீரியா தன்னைச் சுத்திக் கட்டற சுவரைக் கட்ட விடாம பண்ணி. மைக்கோபிளாஸ்மாவோட தனிச்சிறப்பே அதுக்கு அந்தச் சுவர் கிடையாதுங்கறதுதான்! சுவரே இல்லாத வீட்டுல சுவரை இடிக்க கடப்பாறையோட போய் நிக்கிறோம். கூடவே வேற பாக்டீரியா சேர்ந்திருந்தா அதுக்கு உதவலாம், அதை முடிவு பண்ண வேண்டியது நீங்களோ நானோ இல்லை. மைக்கோவுக்கு டாக்டர்கள் பொதுவா எழுதறது டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின், சில சமயம் அசித்ரோமைசின். ஒண்ணு கிருமியோட புரத உற்பத்தியை நிறுத்தும், ஒண்ணு டிஎன்ஏ வேலையில கை வைக்கும். எதுவும் கிருமியை ஒழிச்சுக் கட்டாது, அடக்கி வைக்கும். அதனாலதான் வாரக்கணக்குல கொடுக்கச் சொல்றாங்க. நம்மாளு மூணாவது நாள் தும்மல் நின்னதும் நிறுத்திட்டு, மிச்சத்தை அடுத்த எலிக்குன்னு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறார். அரைகுறையா அடி வாங்கின கிருமி அடுத்த தடவை அதே மருந்தைப் பார்த்து சிரிக்கும்.

தண்ணி பாட்டில்ல மருந்து கலக்கறது இன்னொரு கூத்து. உடம்பு முடியாத எலி முதல்ல குறைக்கிறதே சாப்பாட்டையும் தண்ணியையும்தான். கசந்தா தொடவே தொடாது. அப்ப யாருக்கு மருந்து அதிகம் போகும்? நல்லா இருக்கற எலிக்கு. நல்லா வளர்ந்த ஆண் எலி அரைக் கிலோ இருக்கும், பெண் எலி முந்நூறு கிராம் சுமாருக்கு இருக்கும். கிராம் கணக்குல எடை பார்த்து, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல அளந்து, ஒவ்வொண்ணுக்கும் வாயில கொடுக்கணும். டாக்ஸியை பால், தயிர்ல கலந்து கொடுக்காதீங்க, கால்சியம் மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். செந்திலுக்கு நான் வாழைப்பழத்துல மசிச்சுத்தான் கொடுப்பேன். நம்ம செந்திலுக்கு வாழைப்பழத்துல எத்தனை தடவை கொடுத்தாலும் "இன்னொண்ணு எங்க?"ன்னுதான் பார்ப்பார் ;-)

மீன் தொட்டிக்குன்னு விக்கிற ஆன்டிபயாடிக் பொடியை வாங்கி எலிக்குக் கொடுக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு. அந்தப் பொடியில என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு யாரும் சோதிச்சு அனுமதி கொடுத்ததில்லை. கால்நடைக்குன்னு சீட்டு இல்லாம கடையில கிடைச்சுக்கிட்டிருந்த முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை 2023 ஜூன்ல இங்க டாக்டர் சீட்டுக்குக் கீழ கொண்டு வந்தாங்க. உடனே ஒரே புலம்பல். "ஏழை எலி வளர்ப்பாளன் வயித்துல அடிக்கிறாங்க"ன்னு. இதே என்ரோஃப்ளாக்ஸசினை கோழிக்குக் கண்டபடி கொடுத்து, மனுஷனைத் தாக்கற கிருமி வரைக்கும் மருந்துக்கு அடங்காமப் போய், 2005ல கோழிக்குக் கொடுக்கவே தடை போட்டாங்க. கோழிப் பண்ணைக்காரனைத் திட்டறதுக்கு வாய் நீளுது. நம்ம சோபா ஓரத்துல நாம பண்றது என்ன? அதே வேலை, சின்ன அளவுல.

எலி டாக்டர் கிடைக்கிறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். நாய், பூனை பார்க்கறவங்க பல பேர் எலியைத் தொட மாட்டாங்க. கிடைச்சாலும் எலி வாங்கின காசைப் போல பல மடங்கு பீஸ். அதனால நான் சொல்றது: எலி வாங்கறதுக்கு முன்னாடியே டாக்டர் யாருன்னு கண்டுபிடிச்சு, ஒரு தொகையை ஒதுக்கி வைங்க. முடியலையா, வாங்காதீங்க. யாரும் உங்களைக் கத்தி காட்டி எலி வளர்க்கச் சொல்லலை.

சோதனைச்சாலை எலிங்களுக்கும் ஒரு காலத்துல இதே நோய்தான். ஆராய்ச்சி முடிவையே கெடுத்துக்கிட்டிருந்தது. அவங்க என்ன செஞ்சாங்க? மருந்து தேடிக்கிட்டு உக்காரலை. 1950கள்ல சார்லஸ் ரிவர் மாதிரி நிறுவனங்கள் தாய் வயித்தைக் கிழிச்சு குட்டியை எடுத்து, வெளிக்காத்து படாத இடத்துல வளர்க்க ஆரம்பிச்சாங்க. வடிகட்டின காத்து, உள்ள போறவங்க உடை மாத்தணும், கிருமி இருக்கான்னு அடிக்கடி சோதனை. ஜெயிச்சது மருந்து இல்லை, வாசக்காவல். அதுவும் சில சமயம் தோத்துடும், கருவுலேயே தொத்தற கிருமியாச்சே. நம்ம வீட்டை லேப் ஆக்க முடியாது, வேணவும் வேணாம். ஆனா அவங்க கத்துக்கிட்ட வரிசையைக் காப்பி அடிக்கலாம்ல? காத்து, வாசல், அப்புறம்தான் மருந்து. நாம அப்படியே தலைகீழ். மருந்துல ஆரம்பிச்சு மருந்துலயே முடிக்கிறோம்.

"அடப் போய்யா, ஒரு எலி! ரெண்டு வருஷம் இருக்கும், போயிடும், இதுக்கு இவ்வளவு பெரிய பதிவா?"ன்னு கேப்பீங்க. அந்த ரெண்டு வருஷக் கணக்கையே எடுத்துக்கோங்க. இருபத்துநாலு மாசம். கடைசி மூணு மாசம் மூச்சுக்குப் போராடிச்சுன்னா அது ஆயுசுல எட்டுல ஒரு பங்கு. எழுபது வயசு வாழற மனுஷனுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் மூச்சிரைப்பு. எலி வாயால மூச்சு விடாத பிராணி, மூக்குதான் அதுக்கு எல்லாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குதுன்னா கடைசிக் கட்டம். அது கத்தாது, முனகாது. காட்டுல பலவீனத்தைக் காட்டினா அடுத்த நிமிஷம் யாராவது தின்னுடுவாங்க, அந்தப் புத்தி வீட்டுக்குள்ளயும் போகலை. கடைசி வாரம் வரைக்கும் சாப்பாட்டுக்கு ஓடி வரும். அதைப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு நாம மானிட்டரைப் பார்க்கத் திரும்பிடுவோம்.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில காபியோட ஒரு பத்து நிமிஷம். சமையல் தராசுல ஒவ்வொண்ணா எடை போட்டு எழுதி வைங்க, வாரா வாரம் இறங்கினா ஏதோ சரியில்லை. அப்புறம் எலியை போன் மாதிரி காதுல வச்சுக் கேளுங்க. விலாப் பக்கம் காது படணும். நல்லா இருக்கற எலிகிட்ட ஒரு சத்தமும் வராது. க்ளிக், விசில், கொரகொர எது கேட்டாலும் திங்கக்கிழமை டாக்டருக்கு போன். அந்த டாக்டரும் "எல்லா எலிக்கும் இருக்கறதுதான்"னு ஆரம்பிச்சார்னா, பொறுமையா "சரி டாக்டர், அது தெரியும். இதுக்கு என்ன இருக்கு?"ன்னு கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு அடிக்கிற ஜாதி. மருந்தோட அளவை வேணும்னேதான் எழுதலை, கேட்டு மெயில் போடாதீங்க. பிள்ளையார் ஜோக் சொல்ல வர்றவங்க புதுசா ஏதாவது சொன்னா மட்டும் அனுமதி.